இரண்டு மில்லிமீட்டர்

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதிய உணவின்போது நான் சொன்ன வாக்கியத்தின் தொனிக்காக வருந்துகிறேன். பொருளுக்காகவும் வருந்த வேண்டுமா என்பதை இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறேன். நீ மூக்கை அறுவை செய்து நேராக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னதும், "நாப்பத்திரண்டு வயசுல உன் மூக்க யாரு பாக்கப் போறா?" என்று கேட்டுவிட்டேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். உன் தட்டு மாலை வரை மேசையிலேயே இருந்தது; அதை எடுக்க எவருக்கும் மனம் வரவில்லை.

இதுவரை எழுதியதை உன் அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "இது மன்னிப்பா, ஆபீஸ் நோட்டீஸா?" என்று கேட்கிறாள்.

வாசலில் நீ விதித்த நிபந்தனை நினைவிருக்கிறது. "இனிமே போன் பண்ணாத. போன்ல நீ பேசினா ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்கு. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுது, எழுதும்போதாவது நிதானமா யோசிப்ப" என்றாய். அதன்படியே எழுதுகிறேன்.

நீ தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கப் போகிறாய். முகம் உன் தொழிலின் ஒரு பகுதியாகப் போகிறது. அதை அன்று நான் கணக்கில் கொள்ளவில்லை. ஆகவே இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒன்பது வரிகள். அறுவை என்றால் முழு மயக்கம், ஒரு வாரம் மூக்கின் மேல் கட்டு, இரண்டு வாரம் கண்ணுக்குக் கீழே கன்றிப்போன நிறம், இறுதி வடிவம் தெரிய ஓராண்டு. ஃபில்லர் ஊசி என்றால் இருபது நிமிடம். பள்ளமான இடத்தை நிரப்பி வளைவை மறைத்துவிடுகிறார்கள். ஓராண்டுக்குப் பிறகு தானே கரைந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் வேறோர் ஊசியால் முன்னதாகவே கரைத்துவிடலாம். எந்த வேலையிலும் திருப்பி எடுக்கக்கூடிய வழியை முதலில் முயல வேண்டும் என்பது என் கொள்கை. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லையை அறுப்பதற்கு முன் நாங்கள் மூன்று தடவை அளப்பது அதனால்தான்.

ஆறாவது வரியைக் கவனி: குரல். இருபது வருடமாக வானொலி கேட்பவர்களுக்கு உன் குரல் தெரியும். ஊசி உள்ளே போவதில்லை, குரல் மாறாது. கத்தியைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே, செய்துதான் ஆக வேண்டும் என்றால், ஊசி. உள்ளே எதையும் திறக்க வேண்டாம்.

உன் அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

அட்டவணை கிடைத்தது. அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாய். அலுவலகத்தில் காட்டினேன், ஒலிப்பதிவாளர் அதைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் என்ன, பாலம் கட்டுறவரா?" என்று கேட்டார். "இல்ல, கண்ணாடி விக்கிறவர். ஆனா கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் போனார்" என்றேன். அண்ணியிடம் சொல்லிவிடாதே.

உன் வருத்தத்தில் முக்கால் பங்கை ஏற்றுக்கொள்கிறேன். மீதிக் கால் பங்கு, அந்த வாக்கியத்தின் பொருளைப் பரிசீலித்து முடித்த பிறகு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று சின்ன வயதில் எல்லோரும் சொல்வார்களே, மூக்கையே நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. கேமரா ஒத்திகைக்கு உட்கார்ந்தேன். விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது, கழற்றுங்கள் என்றார்கள். கழற்றினேன். பக்கத்துத் திரையில் ஒரு பெண். மூக்கு நடுவில் தொடங்கி, இடது கன்னத்தைப் பார்க்கக் கிளம்பிப் போகிறது. ஒளிப்பதிவாளர் விளக்கை மூன்று தடவை நகர்த்திவிட்டு, "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு பக்கம் நிழல் விழுந்துட்டே இருக்கு" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் அன்று செய்தியில் ஐந்து இடத்தில் தடுமாறினேன். வானொலியில் இருபது வருடத்தில் மொத்தமே ஐந்து இடம் இருக்காது. நடிகையாகும் ஆசை எதுவும் இல்லை, அண்ணா. மூக்கை மறந்துவிட்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணாடி போட்டிருந்தால் இது தெரிவதில்லை. அதுவும் நீ செய்து அனுப்பும் கண்ணாடி. இங்கே கடைகளில் எதைப் போட்டுப் பார்த்தாலும் ஒரு பக்கம் சாய்கிறது. "அவங்களுக்கு வேலை தெரியாது, வெளில வாங்காத" என்று நீ சொல்வாய். உண்மைதான் போலிருக்கிறது.

முதலில் அறுவை செய்யும் டாக்டரம்மாவைப் பார்த்தேன். சிறிய விளக்கை மூக்குக்குள் விட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "சின்ன வயசுல அடி ஏதாவது பட்டுச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க, எங்க வீட்டு மூக்கே இதுதான், எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்" என்றேன். ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். அப்புறம்தான் உன் அட்டவணை வந்தது. ஸ்கேனும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்று ஊசி போடும் இடத்துக்குப் போய்விட்டேன். இதில் நீ சொன்னதைக் கேட்டிருக்கிறேன்; நாள் குறித்து வைத்துக்கொள்.

மார்ச் 22, காலை பதினொன்று. நீ பெருமைப்படுவாய்: அவர்கள் கொடுத்த நான்கு பக்க ஃபார்மில் ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்பினேன். மருந்து ஒவ்வாமை, இல்லை. மூக்கில் முன்பு அடி, எலும்பு முறிவு, அறுவை, தையல்: இல்லை, இல்லை, இல்லை, இல்லை. கீழே கையெழுத்து.

உன் ரேடியோ


மார்ச் 14
விரைவுத் தபால்

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு, நடுவில் நிறுத்தாதே.

உன் ஃபார்மில் மூக்கைப் பற்றி நான்கு இடத்தில் "இல்லை" என்று எழுதியிருக்கிறாய். நான்கும் தவறு. தவறு உன்னுடையது அல்ல.

உனக்கு நான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு. பழைய வீட்டின் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கதவு இருந்ததே, அங்கே தெருப் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒருவன் பத்து வரை எண்ணுவான். அதற்குள் உள்ளே வராதவர் ஆட்டத்திலிருந்து வெளியே. விளையாட்டையும் விதியையும் அமைத்தவன் நான். எண்ணியவனும் நான். ஒன்பது என்றபோது நீ படியில் இருந்தாய். சிரித்துக்கொண்டே ஓடி வந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். இன்று எழுத்தில் வைக்கும்போது அதைச் சொல்ல முடியவில்லை. பத்து என்றேன். கதவை மூடினேன். விதி அதுதான் என்று மூடினேன்.

மருத்துவமனையில் உனக்கு மயக்கம் கொடுத்து எலும்பை நிமிர்த்தினார்கள். மூக்கின் உள்ளே மூன்று தையல். பதினொரு நாள் நீ வாயால் மூச்சுவிட்டாய். உனக்கு விவரம் தெரிந்து மூக்கைப் பற்றிக் கேட்டபோது அப்பா, "அது என் மூக்குடா கண்ணு, எங்கிட்டருந்து வந்தது" என்றார். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார். அப்பாவின் மூக்கு பெரியது, ஆனால் நேரானது. உன்னிடம் இருக்கும் எந்தப் புகைப்படத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு இதை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

இப்போது அவசரமான பகுதி. உன் கடிதம் வந்ததும், எங்கள் கடைக்குச் சீட்டு எழுதி அனுப்பும் கண் மருத்துவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏற்கெனவே அடிபட்டு, தையல் போட்ட மூக்குன்னா உள்ள தழும்பு இருக்கும், ரத்தக்குழாய் பழைய இடத்துல இருக்காது. ஊசி மருந்து குழாய்க்குள்ள போயிடுச்சுன்னா தோல் செத்துப்போகலாம். ரொம்ப அபூர்வமா பார்வையே போகலாம். மறைக்காம சொல்லச் சொல்லுங்க. பழைய விஷயம் தெரிஞ்சா அவங்களே யோசிப்பாங்க." முப்பத்து மூன்று வருடமாகக் கண்ணாடித் தொழிலில் இருப்பவன் நான். பார்வை என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவர் முன்னாலேயே உன் எண்ணை அழுத்தினேன்.

என் அட்டவணையில் பத்தாவதாக ஒரு வரி இருந்திருக்க வேண்டும். நான் எழுதவில்லை. அறுவை என்றால் உள்ளே திறப்பார்கள், பழைய தழும்பைப் பார்ப்பார்கள், உன்னிடம் கேட்பார்கள். ஊசி வெளியிலேயே நின்றுவிடும். "உள்ளே எதையும் திறக்க வேண்டாம்" என்று எழுதியபோது நான் உன் நலத்தை மட்டும் நினைக்கவில்லை. ஆபத்தைத் தெரிந்து செய்யவில்லை. ஆனால் என்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தே செய்தேன்.

நீ விதித்த நிபந்தனையை மீறி நான்கு முறை தொலைபேசியில் அழைத்தேன், நீ எடுக்கவில்லை. "ஃபார்மைத் திருத்து, காரணம் கடிதத்தில்" என்று ஒரு செய்தியும் அனுப்பியிருக்கிறேன். அந்த ஊசி நிலையத்தையும் அழைத்தேன். வெளியாரிடம் பேச மாட்டோம் என்றார்கள். அது சரியான விதிதான். 20ஆம் தேதிக்குள் உன் பதில் வரவில்லையென்றால் 21ஆம் தேதி இரவு ரயில் ஏறி, 22ஆம் தேதி காலையில் அந்த வாசலில் நிற்பேன்.

மன்னிப்பு கேட்கும் வாக்கியத்தை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். அடித்த இடம் உனக்குத் தெரியும்படியே விட்டிருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 18

அண்ணனுக்கு,

வர வேண்டாம். ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

"ஃபார்மைத் திருத்து" என்ற செய்தியைப் பார்த்து முதலில் சிரித்தேன். என் பள்ளிக்கூட விண்ணப்பத்திலிருந்து நீ திருத்தச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறாய். கடிதம் நேற்று வந்தது. இன்று காலை அங்கே போய், நான்கு "இல்லை"யையும் அடித்து "ஆம்" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த டாக்டர் படித்தார்; பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நல்ல வேளை சொன்னீங்க. இதுக்கு நான் ஊசி எடுக்க மாட்டேன். ஸ்கேன் எடுத்துட்டு ஆபரேஷன் டாக்டரையே பாருங்க" என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

மூக்கை மன்னித்துவிடலாம். பன்னிரண்டு வயதுப் பையன், ஒரு கதவு. அது எனக்கு ஞாபகத்தில்கூட இல்லை.

எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. பள்ளிக்கூடம் வரை என் பையை நீ சுமந்தது. என்னைக் கிண்டல் செய்தவனை நீ ஒரு வாரம் வழிமறித்தது. முதல் வேலைக்கு ஊரைவிட்டுக் கிளம்பியபோது ஏழு மணி நேரம் என்னோடு ரயிலில் வந்து இறக்கிவிட்டு, அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போனது. என் தோழிகளெல்லாம் "உனக்குக் கிடைச்ச மாதிரி அண்ணன் யாருக்கும் கிடைக்காது" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. அதெல்லாம் எனக்காகவா, அந்தக் கதவுக்காகவா?

அட்டவணை வேண்டாம்.


மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்ற முதல் வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, வாடிக்கையாளர் ஒருவரைக் காக்க வைத்து, பின்பக்க அறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மீதியை அதன் பிறகுதான் படித்தேன்.

உன் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயன்றேன். நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதவுக்கு முன் உனக்குச் செய்தவை ஒரு பக்கம், பின் செய்தவை மறுபக்கம். முன் பக்கத்தில் இரண்டே வரி: உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது, நீ என் காதைக் கடித்தபோது அம்மாவிடம் சொல்லாமல் இருந்தது. மற்றவை எல்லாம் பின் பக்கத்தில். இதைக் கொண்டு எதுவும் நிரூபிக்க முடியாது. தாளைக் கிழித்துவிட்டேன்.

தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் சில வருடங்கள் அந்தக் கதவுக்காகத்தான். உன் பையைச் சுமந்தது அதற்காகத்தான், சந்தேகமில்லை. உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கதவு உன் மூக்கில் மோதிய சத்தம் கேட்கும். ஆனால் உனக்கு எட்டு ஒன்பது வயதாகும்போது நீ வாயை மூடாமல் பேசத் தொடங்கினாய். குளிக்கும்போது, படிக்கும்போது, சாப்பிடும்போது பேசினாய். குளியலறைக் கதவுக்கு உள்ளிருந்துகொண்டு நாளைய வானிலையை அறிவித்தாய். உனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவன் நான். அந்த நாட்களில் எப்போதோ அந்தச் சத்தம் கேட்பது நின்றுவிட்டது. உன்னோடு இருப்பது வேடிக்கையாக இருந்தது, குற்றவுணர்ச்சியை மறந்துவிட்டேன். மறந்தது இரண்டாவது குற்றம் என்று எண்ணி அதையும் உன்னிடம் சொல்லவில்லை.

ரயிலில் ஏழு மணி நேரம் வந்தது கதவுக்காக அல்ல. நீ போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்ததால், ஏழு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்கியத்தின் பொருளையும் பரிசீலித்து முடித்துவிட்டேன். அதற்காகவும் வருந்துகிறேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டவன், அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முப்பத்தெட்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தவன்.

இனி உன் மூக்கைப் பற்றி எனக்குக் கருத்து கிடையாது. டாக்டரம்மா என்ன சொன்னார் என்று மட்டும் தெரிவி. உன் அண்ணி இதையும் நின்று படித்தாள். காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணா,

இரண்டு வாரம் பதில் போடாதது தண்டனை அல்ல. பத்து நாள் தண்டனை. மீதி, ஸ்கேனுக்குக் காத்திருந்தது.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். காதைக் கடித்தது எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் நான் செய்யக்கூடிய காரியம்தான். போதும். அந்தக் கேள்வியை இனிக் கேட்க மாட்டேன்.

இப்போது மூக்கு. டாக்டரம்மா ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மூக்குத் தண்டு, அதாவது நடுவில் இருக்கும் சுவர், ஒரு பக்கமாக வளைந்து கிடக்கிறது. இடது பக்கத்தில் காற்றுப் போக இடமே இல்லை. "இத்தனை வருஷம் ஒரு மூக்குலதான் மூச்சு விட்டிருக்கீங்க, தெரியுமா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் இப்படித்தான் மூச்சு விடுகிறார்கள், அதற்குத்தான் வாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊசியைப் பற்றிக் கேட்டேன். "பழைய தையல் இல்லாத மூக்கு, சின்னதா ஒரு பள்ளம், அவ்வளவுதான்னா நானே ஊசி போதும்னு சொல்வேன். உங்களுக்கு அது மேல பூசி மறைக்கிற வேலை. ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், மூச்சு ஒரு துளிகூட மாறாது" என்றார். அதோடு இன்னொன்றையும் சொன்னார்: ஆபரேஷன் செய்தாலும் நூற்றுக்கு நூறு நேராக வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டாராம், பழைய தழும்பு எந்தப் பக்கம் இழுக்கும் என்று உள்ளே போன பிறகுதான் தெரியுமாம். வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாரே, அதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

குரல்தான் பயம். கொஞ்சம் மாறலாம் என்றார். ஒலிப்பதிவாளரிடம் சொல்லி இப்போதைய குரலில் ஒரு மணி நேரம் பதிந்து வைத்திருக்கிறேன். போய்விட்டால் நினைவுக்கு இருக்கட்டும். அதைச் சொன்னபோது அழுதுவிட்டேன். அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஏர்கண்டிஷன் ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

மே 4 ஆபரேஷன். தொலைக்காட்சியில் ஆறு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இந்த முறை யாருடைய அட்டவணையும் பார்க்காமல் முடிவு செய்தேன்.

ஒரு சிக்கல். ஆறு வாரத்துக்கு மூக்கின் மேல் கண்ணாடி உட்காரக் கூடாதாம். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குத் தூரத்தில் வரும் பேருந்துக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாது. கண்ணாடிக்காரரே, வழி என்ன?

ரேடியோ


ஏப்ரல் 19

அன்புள்ள ரேடியோவுக்கு,

இத்துடன் ஒரு ஃபிரேம் அனுப்புகிறேன். எடை பதினொரு கிராம். நெற்றியில் தாங்கும்படி மேலே மெல்லிய பஞ்சுப் பட்டை வைத்திருக்கிறேன். எந்தப் பகுதியும் மூக்கைத் தொடாது. அணிந்தால் வெல்டிங் செய்பவர் போலத் தோன்றுவாய் என்று உன் அண்ணி சொல்கிறாள். என் நெற்றியில் இரண்டு நாள் அணிந்து சோதித்தேன், வழுக்கவில்லை. கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர், "இது புது ஃபேஷனா?" என்று விலை கேட்டார்.

ஒரு வேண்டுகோள். மே 4ஆம் தேதி அறுவை அறைக்கு வெளியே யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்பது மருத்துவமனை விதியாக இருக்கும். அந்த ஒருவராக நான் இருக்க உன் அனுமதி தேவை. கருத்து எதுவும் சொல்ல மாட்டேன். உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன்


ஜூன் 17

அண்ணா,

உட்கார்ந்திருப்பேன் என்று எழுதிக் கொடுத்தாய். நீ உட்காரவே இல்லையாம்.

நேற்று ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போனபோது, ஆபரேஷன் அன்று இருந்த நர்ஸ் சொன்னாள். "உங்க அண்ணன் மூணு மணி நேரமும் அந்த ஆடுற கதவுகிட்டயே நின்னாரு. உக்காருங்க சார்னா கேக்கல. யாரு உள்ள போனாலும் வெளிய வந்தாலும், கதவு அடிக்காம கையால புடிச்சுப் புடிச்சு மெதுவா விட்டாரு. வாட்ச்மேன்னு நெனச்சு ஒருத்தர் பாத்ரூம் எங்கன்னு கேட்டாரு, அதுக்கும் வழி சொன்னாரு." அழுதால் ஆறு வாரத் தையல் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது.

டாக்டரம்மாவுக்குத் திருப்தி. "நெனச்சதைவிட நல்லா வந்திருக்கு. இன்னும் வீக்கம் கொஞ்சம் இருக்கு, வருஷக் கடைசில பாருங்க" என்றார். நுனியில் ஒரு சின்னச் சாய்வு மட்டும் மிச்சம். அதை நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மூச்சைப் பற்றி எப்படிச் சொல்வது? கட்டுப் பிரித்த ஒரு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் எழுந்தேன், வாய் மூடியிருந்தது. நாக்கு ஈரமாக இருந்தது. யாரோ வீட்டில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. அலுவலகத்தில் லிஃப்ட் வாசனை, புதுத் தாள் வாசனை, ஒலிப்பதிவாளர் தலையில் தடவும் எண்ணெய் வாசனை எல்லாம் வருகிறது. இருபது வருடம் அந்த எண்ணெய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தெரியாமல் இருந்ததே நல்லது.

குரல் மாறியிருக்கிறது. கொஞ்சம்தான், திறந்திருக்கிறது. முதல் நாள் வானொலியில் வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு தொலைபேசி. வழக்கமாகக் கேட்கும் பெரியவர் ஒருவர். "அம்மா, பல வருஷமா கேக்கணும்னு நெனச்சேன். இப்பவாவது ஜலதோஷம் சரியாச்சே, சந்தோஷம்" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. இருபது வருடமாக என் தனித்தன்மை என்று நான் நினைத்தது அவருக்கு ஜலதோஷம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முதல் கண்ணாடி போடலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து நீ செய்து அனுப்பிய பழைய கண்ணாடியை எடுத்து மாட்டினேன். கோணலாக உட்கார்ந்தது. வலது பக்கம் மேலே, இடது பக்கம் கீழே. பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. ஏழு கண்ணாடி வைத்திருக்கிறேன் அண்ணா, எதையும் தூக்கிப் போடுவதில்லை. கல்லூரிக் காலத்துக் கறுப்பு ஃபிரேம்வரை ஏழும் ஒரே அளவு சாய்ந்தது. ஆபரேஷன்தான் கோணலாகிவிட்டது என்று நினைத்தேன்.

மூலையில் இருக்கும் கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். அந்தக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார், சின்ன அளவுகோலை வைத்தார். "உங்க மூக்கு நேராத்தான் இருக்கு. கண்ணாடிதான் கோணல். மூக்குல உக்கார்ற இந்தச் சின்னத் திண்டு, நோஸ் பேட், இந்தப் பக்கம் மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் ஏத்தி வச்சிருக்காங்க. தானா வளைஞ்சதில்ல, வேணும்னே செஞ்சது. ரொம்பச் சுத்தமான வேலை. யாரு பண்ணது?" என்றார்.

வேலை தெரிந்தவர்தான் அண்ணா. நீ சொன்னது பொய்.

"நேராக்கித் தரட்டுமா?" என்று கேட்டார். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது இந்தக் கடிதத்தை அந்தக் கோணல் கண்ணாடியோடுதான் எழுதுகிறேன். வரி சாய்ந்திருந்தால் காரணம் நீ.

முதல் தொலைக்காட்சிச் செய்தி அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள். வெளிச்சம் தெறிக்காத வில்லை போட்டால் கண்ணாடியோடே வாசிக்கலாம் என்கிறார்கள். வருகிற சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். ஏழையும் எடுத்து வருகிறேன். அண்ணியிடம் சொல், இந்த முறை தட்டை முழுக்கக் காலி செய்வேன். வாசனை வேறு தெரிகிறது.

உன் ரேடியோ


ஜூன் 21

அன்புள்ள ரேடியோவுக்கு,

உனக்கு ஒன்பது வயதில் முதல் கண்ணாடி போட்டார்கள். அது சாய்ந்தே நின்றது. நீ தலையைச் சாய்த்துப் படித்தாய். அப்போது நான் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். முதலாளி சாப்பிடப் போனபோது, சிறிய குறடால் ஒரு பக்கத்து நோஸ் பேடை இரண்டு மில்லிமீட்டர் ஏற்றினேன். நீ தலையை நிமிர்த்திப் படித்தாய். அதன் பிறகு ஒவ்வொன்றையும் அப்படியே செய்தேன். வேறு கடைக்காரர்களுக்கு வேலை தெரியாது என்று சொன்னது பொய்தான். அந்தக் கடைக்காரரிடம் என் சார்பில் வருத்தம் தெரிவித்துவிடு.

இந்த வேலைக்குக் காரணம் கதவா என்று நீ கேட்கவில்லை. நானும் யோசித்துப் பார்க்கவில்லை. கண்ணாடி சாய்ந்தால் எழுத்து மங்கும், அதனால் செய்தேன்.

ஏழையும் சமமாக்க ஒரு மணி நேரம் ஆகும். உன் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். வெளிச்சம் தெறிக்காத வில்லைக்கும் சொல்லியாகிவிட்டது. உன் அண்ணி மூன்று நாளாக என்ன சமைப்பது என்று என்னைக் கேட்டு, நான் சொல்வதையெல்லாம் நிராகரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு விவரம். சனிக்கிழமைகளில் கடையைச் சரியாக ஒரு மணிக்கு அடைத்துவிட வேண்டும் என்பது நான் வைத்த விதி. இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளும் மீறியதில்லை. உன் ரயில் ஒன்று இருபதுக்கு வருகிறது. நிலையத்திலிருந்து கடைக்குப் பதினைந்து நிமிடம்.

ஓடி வராதே. மெதுவாக வா. கதவு திறந்திருக்கும்.

உன் அண்ணன்